சர்க்கரையைக் கொல்லாத சர்க்கரைக்கொல்லி

நோன்புப் பெருநாள் அன்று காலை எங்கள் வீட்டுச் சேமியாப் பாயசத்தை ஒரு வாய் குடித்த என் அண்ணன், கிண்ணத்தை டக்கென்று கீழே வைத்துவிட்டு, "யாரு சீனி போடாம எறக்குனது?" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினான்.

அத்தா தன் கிண்ணத்தை மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர், வாய்க்குள் போகும் எதையும் அவசரப்பட்டுக் குறை சொல்ல மாட்டார். அன்றைக்கு அவருக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வெண்ணெயக் கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றார்.

நானும் மதினியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். பார்த்தால் சிரித்துவிடுவோம். கடைசியில் மதினிதான் முதலில் வெடித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தரையில் உட்கார்ந்தே விட்டாள். "நாலு ஆழாக்கு சீனி போட்டிருக்கு, எண்ணிப் போட்டிருக்கேன்!" என்றாள் மூச்சு வாங்க.

பத்து நிமிடத்துக்கு முன்னால், வயிற்றுக்கு நல்லது என்று சொல்லி, ஆளுக்கு இரண்டு இலை மெல்லக் கொடுத்தவள் நான். அது சிறுகுறிஞ்சான் இலை. சர்க்கரைக்கொல்லி என்று அதற்கு இன்னொரு பெயர். மென்று முடித்தால், நாக்கில் இனிப்பை அறியும் இடங்களை அதன் சத்து போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அரை மணி நேரத்துக்குச் சீனியை அள்ளிப் போட்டாலும் ஆற்று மணலை மெல்வது போலத்தான் இருக்கும். உப்பு, புளிப்பு, வாசனை எதுவும் கெடாது. இனிப்பு மட்டும் செத்துப்போகும்.

மதுரையில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. மூலிகைச் செடிகள் தங்களுக்குள் மருந்துப் பொருட்களை எப்படிச் சமைக்கின்றன, அதற்கு எந்தெந்த மரபணுக்கள் உதவுகின்றன என்று வரிசை வரிசையாகப் படிப்பது எங்கள் சோலி. அந்த வருடம் என் கையில் கிடைத்த செடி சிறுகுறிஞ்சான். அது எங்கள் ஊர்ப்பக்கம் வேலி வேலியாகப் படர்ந்து கிடப்பதால் லீவில் வந்தபோதே வேலையையும் தொடங்கிவிட்டேன். குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டும் ஓர் அண்ணன் எனக்காக இரண்டு பைகளில் இலை பறித்துவந்து கொடுத்திருந்தார். அவர் என் அண்ணனோடு பள்ளியில் படித்தவர். மலையடிவாரத்தில் எந்த வேலி யாருடையது என்பது அவருக்கு அத்துப்படி.

விஷயம் தெரிந்ததும் அத்தா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ மறுபடியும் பாயசத்தை வாயில் ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

"ஏலக்காய் மட்டும் தனியா நிக்குதும்மா! சீனி நடுவுல வந்து மறைக்கல. போன அறுப்புக் காயி இது. லேசா பச்ச வாடை கூட இருக்கு!" என்றார். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். நாற்பது வருடம் ஏலக்காயோடு புழங்கியவருக்கு அன்றைக்குத்தான் ஏலக்காயைத் தனியாகச் சந்தித்த சந்தோஷம்.

தொழுகை முடிந்து பெரியத்தா வீட்டுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். செய்தி அதற்குள் தெருவுக்குப் போயிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பை தீர்ந்திருந்ததால் இரண்டாவது பையைப் பிரித்து, வித்தைக்காரன் மாதிரி பேசிக்கொண்டே எல்லோருக்கும் கொடுத்தேன். எல்லோரும் மென்றார்கள். கசப்பில் முகத்தைச் சுளித்தார்கள். நான் "இப்பக் குடிங்க" என்றேன். குடித்தார்கள்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"இனிக்குது?"

"திகட்டுற அளவுக்கு இனிக்குது."

பதினோரு பேரும் இனிக்கிறது என்றார்கள். அண்ணன் கைகொட்டிச் சிரித்தான். "ஆராய்ச்சி புஸ்ஸுன்னு போச்சு" என்றான். நான் அந்தப் பையிலிருந்து நானே மூன்று இலை எடுத்து மென்று, ஒரு கரண்டி சீனியை அள்ளி வாயில் போட்டேன். தேனாக இனித்தது. அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அந்தச் சீனி கரைந்து தொண்டைக்குள் இறங்குவதற்குள், மனதுக்குள் வேறொன்று குதித்தது. மேலே பார்த்தால் ஒரே மாதிரி இலை. அதே முடி, அதே கசப்பு, கிள்ளினால் அதே பால். ஒன்று சர்க்கரையைக் கொல்கிறது, ஒன்று கொல்லவில்லை. அப்படியென்றால் கொல்லாத செடியில் ஏதோ ஒன்று குறைகிறது. அந்தக் குறை எதுவென்று கண்டுபிடித்துவிட்டால், கொல்லும் செடி எப்படிக் கொல்கிறது என்பதும் தெரிந்துவிடும்! வருடக்கணக்காகத் தேடினாலும் கிடைக்காத ஒரு செடி, பாலிதீன் பையில் போட்டு எங்கள் அடுப்படிக்கே வந்திருக்கிறது. நான் மதினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். அவமானப்பட்டவள் எதற்கு ஆடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியவில்லை.

உடனே ஜீப்பு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ரெண்டாவது பை எலைய எங்க பறிச்சீங்க?"

"ஏன் தங்கச்சி, பூச்சியா?"

"பூச்சியில்லண்ணே. தங்கம்."

அவர் நம்பாமல் சிரித்தார். பிறகு, "மொதப் பை எங்க வீட்டுக்குப் பின்னாடி. ரெண்டாவது, குரங்கணி ரோட்டுல இலவமரத் தோப்பு இருக்குல்ல, அந்த வேலியில" என்றார்.

என்னைவிட மதினி கறாரான ஆள். பள்ளியில் என் வகுப்பில் படித்தவள், என் அண்ணனைக் கட்டியதால் மதினி ஆனாள். இப்போது தொடக்கப் பள்ளி ஆசிரியை. "ஒரு தடவ இனிச்சா போதுமா? எல்லாரும் அன்னைக்கி வடை தின்னுட்டு வந்திருந்தா? ஒழுங்கா சோதிக்கணும்" என்றாள். மறுநாள் ஜீப்பு அண்ணன் இரண்டு இடத்திலிருந்தும் புதிதாக இலை கொண்டுவந்தார். மதினி சொன்னபடி அவரே வாசலில் உட்கார்ந்து இலைகளை ஒரே அளவில் கத்தரித்து, ஒரே மாதிரி தாளில் மடித்து, எண் போட்டார். எந்த எண் எந்த வேலி என்பது ஜீப்பு அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். சோதனை முடியும் வரை மதினி அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டாள். "நீங்க மொகத்தக் காட்டுனீங்கன்னா கண்டுபிடிச்சிருவாங்க, அங்கிட்டே இருங்க" என்றாள். அவள் ஆராய்ச்சிப் படிப்பு எதுவும் படித்ததில்லை, ஆனால் நாங்கள் ஆய்வகத்தில் பாடமாகப் படித்த கட்டுப்பாட்டை அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

தெருக்காரர்கள் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டுக்குள் வரிசையாக உட்கார்ந்து மென்றார்கள். ஒவ்வொருவரும் மென்று முடித்து, வாய் கொப்பளித்து, ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டு, மதினி கேட்டதும் இனிக்குது, இனிக்கல என்று சொல்ல வேண்டும். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. சிரித்தால் பெயரை நோட்டில் எழுதினாள், நிஜமாகவே எழுதினாள். ஒரு பெரியம்மா இனிப்பு போன வாயோடு வாழைப்பழத்தைக் கடித்துவிட்டு, "யாத்தே, இது பழமா, பழத்தோலா?" என்று அலறினார். கடைசியில் ஜீப்பு அண்ணனை உள்ளே கூப்பிட்டு எண்களைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. வீட்டுப் பின்புறச் செடி எல்லோருக்கும் கொன்றிருக்கிறது. தோப்பு வேலிச் செடி ஒருவருக்கும் கொல்லவில்லை.

"நூத்துக்கு நூறு" என்று மதினி சிவப்பு மையில் போட்டாள்.

அடுத்த வேலை இலையை உறைய வைப்பது. இலைக்குள் எல்லா மரபணுக்களும் எப்போதும் வேலை செய்துகொண்டிருப்பதில்லை. எது வேலை செய்கிறதோ அதற்கு ஆர்.என்.ஏ. என்ற நகல் உருவாகும். அந்த நகல்களைப் படித்தால், அந்த நிமிடம் இலைக்குள் என்ன நடந்தது என்று தெரியும். ஆனால் பறித்த சில நிமிடங்களிலேயே அவை சிதைய ஆரம்பித்துவிடும். அதனால் செடியின் பக்கத்திலேயே நின்று, பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும். ஆய்வகத்துக்குச் சொல்லி ஒரு கேன் நைட்ரஜன் வரவழைத்தேன். தோப்புக்காரரிடம் சம்மதமும் எழுதி வாங்கினேன். நிதானமாக வெள்ளிக்கிழமை போகலாம் என்று இருந்தோம்.

வியாழக்கிழமை காலை ஜீப்பு அண்ணன் போனில் படபடத்தார். "தங்கச்சி, தோப்புக்காரரு கம்பி வேலி போடப் போறாராம். நாளைக்கி விடியக்காலம் ஜேசிபி வருது. பழைய வேலி பூராம் போயிரும். வெரசா கெளம்பு!"

கேனைத் தூக்கப் போனேன். அதன் உடம்பு பூராவும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. கேனின் உள்ளடுக்கில் விரிசல் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. வந்த நைட்ரஜன் எல்லாம் எங்கள் வீட்டு மாடிப்படியில் காற்றாகப் போயிருந்தது. மதுரையிலிருந்து இன்னொரு கேன் வர மறுநாள் மதியம் ஆகும் என்றார்கள். மருந்துத் திரவத்தில் இலையைப் போட்டு வைக்கிற வழியும் உண்டு, ஆனால் அதையும் நான் எடுத்து வந்திருக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுகிற நிலைமை.

மதினிக்கு அப்போது பள்ளியில் இடைவேளை. போனில் சொன்னேன்.

"நைட்ரஜனுன்னா, தொறந்தா வெள்ளையாப் பொகை வருமே, அதுவா?"

"அதுதான்."

"மாட்டுக்குச் சினை ஊசி போட வருவாருல்ல, அவரு பைக்குல ஒரு கேன் வச்சிருப்பாரே. தொறந்தாப் பொகையாத்தான் வரும். எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக எல்லாம் அதப் பாக்க ஓடும்."

நான் படிக்கட்டிலிருந்து எழுந்துவிட்டேன். காளைகளின் உறைவிந்துக் குச்சிகளை நைட்ரஜனில்தான் வைத்திருப்பார்கள்! வருடக்கணக்காக அந்தக் கேன்களைப் பார்த்துக்கொண்டே போடியில் வளர்ந்திருக்கிறேன், ஒரு நாளும் தோன்றியதில்லை. மதினி தன் மாணவி ஒருத்தியின் அம்மாவைப் பிடித்து, சினை ஊசிக்காரரின் எண்ணை ஐந்து நிமிடத்தில் அனுப்பினாள்.

அவர் அப்போது குரங்கணி ரோட்டிலேயே ஒரு வீட்டில் இருந்தார். ஜீப்பில் நாங்கள் போய் இறங்கியபோது, ஒரு செவலை மாட்டைக் கட்டிப்போட்டு, நீளமான கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையும் என் கையில் இருந்த இலை மடித்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எலைக்கும் சினை ஊசியா?" என்றார்.

ஜீப்பு அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டார். "இது அரசாங்கச் சாமான்மா, நானாக் குடுக்க முடியாது. எங்க டாக்டரம்மாட்ட கேட்டுர்றேன்" என்று போன் போட்டார். மறுமுனையில் பெண் குரல் ஏதோ கேட்டது. இவர், "ஆமாங்கம்மா, எலைங்கம்மா. இல்லங்கம்மா, மாடு இல்ல, கொடி" என்று விளக்கிக்கொண்டே போனார். பிறகு ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. "கொஞ்சம் எடுத்துக்கிறச் சொல்றாங்க. சாயங்காலம் எப்பிடியும் ரொப்பப் போறோம்" என்றார்.

நான் கேன் பக்கம் கையை நீட்டினேன். மாட்டுக்காரம்மா இடையில் வந்து நின்றார்.

"மொதல்ல எம் மாட்டுக்கு. காலையில இருந்து கத்துது."

நியாயம்தான். ஜீப்பு அண்ணன் வாலைப் பிடித்தார், நான் கயிற்றைப் பிடித்தேன். மாடு என் துப்பட்டாவை மெல்ல ஆரம்பித்தது. "புது டாக்டராம்மா நீ?" என்று மாட்டுக்காரம்மா என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஜீப்பு அண்ணன், "ஆமா, இவுக எலை டாக்டரு" என்றார். சினை ஊசிக்காரர் கேனைத் திறந்தார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வழிந்து தரையில் பரவியது. அதிலிருந்து மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து, வெந்நீரில் காட்டி, தன் வேலையை முடித்தார். மாடு ஒரு பெருமூச்சு விட்டது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

தோப்பு வேலிக்கு மூவரும் போனோம். ஜீப்பு அண்ணனின் டீ பிளாஸ்க்கைக் கழுவிக் காயவைத்து, மூடி போடாமல், அதில் நைட்ரஜனை ஊற்றினார் சினை ஊசிக்காரர். கொதிப்பது போல் துள்ளி, சீறி, மெல்ல அடங்கியது. நான் இளந்தளிராகப் பார்த்துக் கிள்ளி, சிறு குழாயில் போட்டு, இடுக்கியால் உள்ளே இறக்கினேன். எண்ணிக்கொண்டே செய்தேன். கிள்ளியதிலிருந்து உறைவது வரை இருபது நொடிகூட ஆகவில்லை. உறைந்த இலை ஒன்று குழாயிலிருந்து நழுவிக் கீழே விழுந்து, கல்லில் பட்டு, கண்ணாடி போலச் சிதறியது. சினை ஊசிக்காரர் குனிந்து பார்த்து, "அடேயப்பா" என்றார். அவர் வாழ்நாள் பூராவும் நைட்ரஜனோடு இருந்தவர். அதில் ஒரு பச்சை இலையைப் போட்டுப் பார்த்ததே இல்லை. அப்புறம் ஒரு பூவைப் போட்டார், ஒரு புல்லைப் போட்டார், தன் சட்டைப்பையிலிருந்த வெற்றிலையைக்கூட எடுத்துப் போட்டார். "போதும்ணே, காலியாயிரும்" என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

அங்கிருந்து ஜீப்பு அண்ணன் வீட்டுப் பின்புறம் போய், அதே வேகத்தில் அங்கேயும் கிள்ளினோம். இரண்டு செடியின் தளிரும் ஒரே பொழுதில் உறைந்தன.

இனி இதை மதுரைக்கு எப்படிக் கொண்டுபோவது? பிளாஸ்க் இரண்டு மணி நேரம் தாங்காது. சினை ஊசிக்காரர்தான் வழி சொன்னார். கால்நடை மருந்தகத்தில் பெரிய கேன் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு மூலையில் போட்டு வைக்கலாம், உங்கள் ஆட்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார். டாக்டரம்மா நேரில் வந்து எங்கள் குழாய்களைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் அவசரத்துல இத எடுத்து மாட்டுக்குப் போட்டுட்டா?" என்று கேட்டார். அதனால் ஒரு துணிப்பட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, குழாய்கள் தொங்கிய கம்பியில் கட்டினோம்: "இலை. மாட்டுக்கு அல்ல." நல்ல சாதிக் காளைகளோடு என் சிறுகுறிஞ்சான் ஓர் இரவு தங்கியது.

மறுநாள் ஜேசிபி வேலியை வாரிப் போட்டது. ஆனால் ஜீப்பு அண்ணன் நான் சொல்லாமலே முந்தின நாள் மாலை போய், அந்தக் கொடியில் ஏழெட்டுக் குச்சிகளையும் வேரோடு ஒரு துண்டையும் எடுத்து, பெயின்ட் டப்பாக்களில் நட்டு வைத்திருந்தார். போட்டோ அனுப்பினார். நான் மதுரையில் பஸ்சில் நின்றுகொண்டு அதைப் பார்த்து விசில் அடித்துவிட்டேன். கண்டக்டர் டிரைவருக்குத்தான் அடிக்கிறேன் என்று நினைத்து, யாரது என்று முறைத்தார்.

அதற்கப்புறம் சில மாதங்கள் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. உறைந்த இலையை நைட்ரஜன் ஊற்றி ஊற்றிக் கல்வத்தில் இடித்துப் பொடியாக்கி, அதிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும். சிறுகுறிஞ்சான் இலையில் பிசின் மாதிரி ஒரு கொழகொழப்பு உண்டு. அது எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்று முறை பாழானது. நான்காவது முறை சுத்தமாக வந்தது. அதை வரிசை படிக்கும் கருவியில் ஏற்றினோம். கைக்கு அடக்கமான கருவிதான், மேசையில் கிடந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். கணினித் திரையில் நான்கே நான்கு எழுத்துகள், ஏ, டி, ஜி, சி, மாறி மாறி ஓட ஆரம்பித்தபோது, இது குரங்கணி ரோட்டு வேலி என்று பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டு செடியின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். இந்தச் செடி முதலில் ஓர் எண்ணெய்ப் பொருளை வளைத்து, ஐந்து வளையம் கொண்ட ஒரு கட்டாக ஆக்குகிறது. பிறகு அங்கங்கே ஆக்சிஜனைச் செருகுகிறது, ஒரு சர்க்கரை அமிலத்தைக் கோக்கிறது, கடைசியில் சின்ன வால் ஒன்றை ஒட்டுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு நொதி, ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. கட்டு உருவாக்கும் மரபணுக்கள் இரண்டு செடியிலும் ஒரே மும்முரத்தில் வேலை செய்தன. செருகுவதும் கோப்பதும்கூட அப்படியே. கீழே வந்துகொண்டே இருந்தேன். வால் ஒட்டும் நொதி என்று நாங்கள் சந்தேகப்பட்ட ஒரு மரபணு, கொல்லும் செடியில் முழுதாக இருந்தது. கொல்லாத செடியில் நடுவே சில எழுத்துகள் உதிர்ந்து, அதற்கப்புறம் வந்த வாக்கியம் பூராவும் உளறலாக இருந்தது.

இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் சொன்னது. மனம் சொன்னால் போதாது என்று என் பேராசிரியர் சொன்னார். அதனால் அந்த முழு மரபணுவை எடுத்து, புகையிலைக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் இலைக்குள் செலுத்தினோம். அந்த இலைக்கு, கொல்லாத செடியிலிருந்து பிரித்த, வால் இல்லாத பொருளை ஊட்டினோம். ஐந்து நாள் கழித்து இலையை அரைத்து, பொருட்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியில் வைத்தோம். கொல்லாத செடியில் கிடையவே கிடையாத ஒரு முனை, திரையில் சின்னக் கோபுரம் மாதிரி எழுந்து நின்றது. கொல்லும் செடியின் கோபுரம் எந்த இடத்தில் நிற்குமோ, அதே இடம்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினேன். தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி, திரும்ப ஓடிவந்தேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. செருப்பு ஒன்று எங்கோ கழன்றுபோயிருந்தது. பேராசிரியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு தடவ செஞ்சு பாக்கணும்" என்றார். சொல்லும்போது அவர் வாயும் காதுவரை விரிந்திருந்தது.

மதினிக்குப் போன் போட்டேன். பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம், பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"கண்டுபிடிச்சிட்டோம் மதினி! எல்லாப் படியும் ஒழுங்கா நடக்குது. கடைசிப் படி மட்டும் நடக்கல."

"கடைசிப் படின்னா?"

"ஒரு வால ஒட்டணும். அது ஒட்டல."

அவள் யோசித்தாள். "அல்வா கிண்டி, பதம் எல்லாம் வந்து, எறக்குறப்ப நெய் ஊத்தாம விட்டுட்ட மாதிரியா?"

"அப்பிடித்தான்னு வச்சுக்கயேன்."

"அப்ப எங்க நோட்டுல போட்ட நூத்துக்கு நூறு சரிதானே?" என்று கேட்டாள். அவளுக்கு முக்கியம் அதுதான். சரி என்று சொன்னதும் பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் கை தட்டுங்க" என்று சத்தம் போட்டாள். எதற்கென்றே தெரியாமல் ஒரு பள்ளிக்கூடமே எனக்காகக் கை தட்டியது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு நின்று அதைக் கேட்டேன்.

அத்தாதான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "இதுனால சுகருக்கு மருந்து வருமாம்மா?" தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். நாக்கில் இனிப்பை மறைப்பது வேறு, ரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது வேறு. செடி எப்படிச் சமைக்கிறது என்பதில் ஒரு படி தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எல்லாப் படியும் தெரிந்துவிட்டால், காட்டில் கொடியைப் பிடுங்காமலே அந்தப் பொருளைத் தயாரிக்கலாம், சோதிக்கலாம் என்றேன். "அது போதும்" என்றார். போதும் என்றவர் ஏலக்காய்க் கடையில் போய் என்ன சொன்னாரோ தெரியாது. ஒரு வாரத்துக்குப் போடிமெட்டுப் பக்கமிருந்து சரக்கு கொண்டுவருகிறவர்களெல்லாம் மகளுக்கு மருந்து எப்போது கிடைக்கும், மாமியாருக்கு எப்போது கிடைக்கும் என்று எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பொறுமையாக மறுத்துச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போனது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, ஜீப்பு அண்ணன் பெயின்ட் டப்பாச் செடிகளை எங்கள் ஆய்வகத்துக்குக் கொடுப்பதற்காக மதுரை வந்தார். மதினியும் கூட வந்தாள், வழியெல்லாம் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு. செடிகளைக் கண்ணாடிக் குடிலில் வைத்துவிட்டு, இருவரையும் உள்ளே கூட்டிப்போய், கணினியில் அந்த மரபணுவைத் திறந்து காட்டினேன். மேல் வரி கொல்லும் செடி, கீழ் வரி கொல்லாத செடி. எழுத்துகள் ஒன்றுக்கொன்று நேராக வந்துகொண்டே இருந்து, ஓரிடத்தில் கீழ் வரியில் சின்னதாக ஓட்டை விழுந்திருந்தது.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார். மேல் வரியை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"இது எங்க வீட்டுப் பின்னாடி நிக்கிறதா?"

"ஆமாண்ணே."

"கீழ தோப்பு வேலி."

"ஆமா."

ஓட்டையில் விரலை வைத்தார். "இம்புட்டுக்கூண்டுதான் வித்தியாசமா?"

"இம்புட்டுக்கூண்டுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. மதினி சிரித்தாள், நானும் சிரித்தேன், எதற்கென்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தன் போனை எடுத்து, திரையை ஒரு போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்று மாலை அவர்கள் ஊர் திரும்பும் வழியில் நான் வாட்ஸ்அப்பைத் திறந்தால், ஜீப்பின் படமும் சாமி படமும் மட்டுமே வைக்கும் அவருடைய ஸ்டேட்டஸில், ஏ, டி, ஜி, சி என்று வரி வரியாக எழுத்து இருந்தது. அடியில் தமிழில் எழுதியிருந்தார்: "எங்க வீட்டுப் பின்னாடி நிக்கிற கொடி. சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க."